கிழிக்காமல் வைத்திருந்த பிளாஸ்டிக்

போன வருஷத்துக்கு முந்தின வருஷ ஓணத்தன்று நடந்தது இது. திற்பரப்பில், அருவியிலிருந்து குலசேகரம் போகும் ரோட்டில், மத்தியானம் பன்னிரண்டு முப்பத்தாறுக்கு. நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த ஏழெட்டு விநாடிகளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் வண்டியின் கடிகாரத்தைப் பார்த்ததுதான். ஏன் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உயிர் போகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

நான் தக்கலையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு கொட்டாரத்தில். வயது ஐம்பத்திரண்டு. பிறரைக் கிண்டல் செய்தே இத்தனை வருஷத்தையும் ஓட்டியவன் என்பதால், என்னையே கிண்டல் செய்து நாலு பக்கம் எழுதுவது ஒரு வகையில் கணக்கைச் சரிக்கட்டுவதுதான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. டாக்டர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்போம். சின்ன விஷயத்துக்கும் நெஞ்சு படபடத்து, கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் புத்தி இன்னொரு பக்கமும் ஓடும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் ஒருமுறை சுசீந்திரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். சிலிண்டர் தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது. அந்த மூன்று நாளும் நாங்கள் கடைச் சாப்பாடு.

இப்படிப்பட்டவன் கார் வாங்கினான்.

பஸ்ஸுக்கு நின்று நின்று என் மனைவிக்கு முழங்கால் வலி வந்துவிட்டது என்பது வெளியே சொன்ன காரணம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பது உள்ளே இருந்த காரணம். இருவரும் நாகர்கோவிலில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஏசியும் காபியும் நன்றாக இருந்தன, அவ்வளவு போதும்.

டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் எங்களை ஏற்றுக்கொண்டார். கூரையில் திறக்கும் கண்ணாடியை மட்டும் அரைமணி நேரம் விளக்கினார். கூரையில் ஓட்டை இருந்தால் ஒரு காலத்தில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவோம். இப்போது அந்த ஓட்டைக்குத்தான் மவுசு. என் மருமகன் சொல்லிவிட்டிருந்ததால், இடித்தால் விரியும் காற்றுப்பை எத்தனை, மோதிப் பார்த்த சோதனையில் எத்தனை ஸ்டார் என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கு சார். நம்ம ரோட்டுல நீங்க என்ன பறக்கவா போறிய? இதப் பாருங்கோ" என்று ஒரு பொத்தானை அமுக்கினார். காலடியில் நீல நிறத்தில் மெல்லிய வெளிச்சம் பரவியது. நான் ஸ்டாரை மறந்தேன். கல்யாண மண்டபத்து அலங்கார விளக்கைக் கொண்டுவந்து காலுக்குக் கீழே வைத்தது போல இருந்தது.

என் மனைவி மட்டும் மசியவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவர்கள்தான் கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள்.

"வண்டி நிக்காம ஓடினா என்ன செய்யணும்?"

"அப்பிடியெல்லாம் ஓடாது அக்கா. பிரேக் உண்டுல்லா?"

"பிரேக் கேக்கலன்னு வையுங்க. அப்ப?"

விற்பனைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கிளட்ச் இல்லாத, தானாகவே கியர் மாறும் வண்டி அது. வேறு வழியில்லாமல் கியர் கம்பைக் காட்டி, "இத நியூட்ரலுக்குத் தள்ளினா எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடுப்பு விட்டுரும். பெறவு எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வண்டி இழுக்காது" என்றார். அவள் விடாமல் அவரை இரண்டு தடவை தள்ளிக் காட்டச் சொன்னாள். மூன்றாவது தடவை தானே தள்ளிப் பார்த்தாள்.

"என்னட்டி, கிரைண்டர் வாங்க வந்தது மாதிரி கேக்கிய?" என்றேன்.

"கிரைண்டர் வாங்கும்போதும் இதத்தான் கேட்டேன். விரல் பத்தும் இருக்கா இல்லையா?" என்றாள்.

வண்டி எடுக்கும் நாள் வந்தது. நம் ஊரில் ஷோரூம்காரர்கள் அதை ஒரு பெண்ணழைப்பு போலவே நடத்துகிறார்கள். சிவப்புத் துணியால் வண்டியை மூடி வைத்து, எங்களை விட்டே விலக்கச் சொன்னார்கள். கேக் வெட்டினோம். ஆள் உயரத்தில் பாதி இருந்த அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். "பேக்கேஜ்" என்ற பெயரில் சீட் கவர், ரப்பர் மேட், சென்ட் பாட்டில், முன்கண்ணாடியில் ஆட ஒரு குட்டிப் பிள்ளையார் எல்லாம் வந்தன. வேண்டும் என்று நான் சொன்னதாக நினைவில்லை. வேண்டாம் என்று சொல்ல யாரும் இடம் கொடுக்கவில்லை.

மேட் போட வந்த ஊழியர் கேட்டார்: "சார், உள்ள இருக்க பிளாஸ்டிக் கவரையெல்லாம் உரிச்சிரட்டா?"

"தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்த இன்னொரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. என் பிள்ளையின் தோலை உரிக்கட்டுமா என்று கேட்டது போலத்தான் எனக்கு இருந்தது. எங்கள் ஊரில் புதுச் சாமானின் பிளாஸ்டிக்கைக் கிழிக்கிறவன் குடும்பம் நடத்தத் தெரியாதவன். என் வீட்டு டிவி ரிமோட் கவருக்குள்ளேயே பொத்தான் தேய்ந்து போனது. கல்யாணத்துக்கு வந்த மெத்தையில் புரண்டு படுத்தால் இன்றும் பப்படம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஆகவே வண்டியின் தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அப்படியே விடச் சொன்னேன். அதன் மேல் அவர் பேக்கேஜ் மேட்டைப் போட்டார். கம்பெனியே வண்டியோடு கொடுத்திருந்த மேட் ஒன்று பாக்கெட்டில் இருந்தது. கம்பளம் போல அவ்வளவு நேர்த்தி. வயல் சேறு மிதித்த காலை இதிலா வைப்பது என்று வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

கோயிலில் பூசை போட்டோம். நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். டயருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நான்கு முறை குனிந்து பார்த்தேன். பெடலுக்கு அடியில் ஒருமுறையும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் ஓணம் வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு அன்று விடுமுறை. திற்பரப்புக்குப் போனோம். கோதையாற்றில் நல்ல தண்ணீர். ஆசை தீரக் குளித்துவிட்டு, ஈரக் காலோடு வந்து ஏறினேன். சொட்டுகிற தண்ணீர் மேட்டில் விழுந்து, மேட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே போய்த் தங்கியது. இது பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பசி.

ஒரு சின்ன ஏற்றம். ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தேன். ஏறி முடிந்ததும் காலை எடுத்தேன். வண்டி கேட்கவில்லை. மிதித்தபடியே பாய்ந்தது. எதிரே இறக்கம், இறக்கத்தின் முடிவில் ஒரு வளைவு, வளைவில் நாலைந்து கடைகள், கடைகளைச் சுற்றி அருவிக்கு வந்த கூட்டம்.

இந்த இடத்தில் ஒரு வீரன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியாது. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வைப்பரைப் போட்டேன். வெயில் கொளுத்துகிற நேரத்தில் கண்ணாடியில் தண்ணீர் பீச்சி, வைப்பரின் இரண்டு கைகளும் விசுக் விசுக்கென்று ஆடின. பிரேக்கை மிதித்தேன், பயந்து காலை எடுத்தேன், மறுபடி மிதித்தேன், எடுத்தேன். அப்படி விட்டு விட்டு மிதித்தால் பிரேக் கல்லாகிப் போகும் என்று பிறகு ஒருவர் சொன்னார். கல்லாகத்தான் போனது. எங்கேயோ கை பட்டுக் கூரைக் கண்ணாடி திறந்தது. அரைமணி நேரம் விளக்கம் கேட்டது வீண் போகவில்லை. மணி பார்த்தேன். வாயைத் திறந்தேன். அதிலிருந்து வந்தது "அம்மா" இல்லை, சாமி பெயர் இல்லை, "சார், சார்!" என்ற சத்தம். யாரை அழைத்தேன் என்று எனக்கே புரியவில்லை. என் மேலதிகாரி கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அப்போது இடப் பக்கமிருந்து ஒரு கை வந்தது. கியர் கம்பைப் பிடித்து ஒரே தள்ளு. நியூட்ரல்.

எஞ்சின் பிசாசு பிடித்தது போல அலறியது. ஆனால் வண்டியின் வேகம் ஏறுவது நின்றது. "இப்ப பிரேக்க மிதிங்க. விடாதீங்க. விடாம மிதிங்க!" என்றாள் என் மனைவி. இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன். அவளே ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தாள். வண்டி ஒரு பக்கமாகத் தேய்த்துக்கொண்டு போய், அன்னாசிப்பழம் விற்கும் தள்ளுவண்டியை மூக்கால் தொட்டு நின்றது. மேலே அடுக்கியிருந்த பழம் ஒன்று உருண்டு பானட்டில் விழுந்தது.

அந்தத் தள்ளுவண்டியின் இந்தப் பக்கம் இரண்டு பெண் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அருவியில் குளித்த ஈரத் தலை. பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். கையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய துண்டு, கடித்தது பாதி. வாய் திறந்தபடியே இருந்தது. அவர்களுக்கும் என் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. நான் இங்கே எழுதுகிற இத்தனை வேடிக்கையும் அந்த ஒரு முழத்தின் தயவு. அது இல்லாமல் போயிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

என் மனைவி எஞ்சினை அணைத்தாள். கடைக்காரப் பெண் பானட்டில் கிடந்த அன்னாசியை எடுத்துத் துடைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணே, கைதச்சக்கை வேணுமெங்கி எறங்கி வந்து கேட்டாப் போராதா? வண்டியோட கேறியா வரணும்?"

பேச்சுக்குப் பேச்சு திருப்பிக் கொடுக்கிறவன் என்று பெயர் எடுத்தவன், பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சண்டை போட வந்தவள் போல இருந்தவள் திரும்பிப் போய் ஒரு துண்டு நறுக்கிக் கொண்டுவந்து கையில் வைத்தாள். "இந்தா, தின்னுங்கோ. பேடி மாறட்டும், பயந்து போயிருக்கியளே." பிறகு அந்த இரண்டு பிள்ளைகளையும் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுடைய பிள்ளைகளா, வேறு யாருடையவர்களா, கேட்கவில்லை.

என் மனைவி கீழே இறங்கி, சுற்றி வந்து, என் காலை ஒதுக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தாள். ரப்பர் மேட் முன்னால் வழுக்கிப் போய், அதன் தடித்த ஓரம் ஆக்ஸிலேட்டரின் மேல் ஏறிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் இழுத்தாள். விலாங்கு மீன் போல வழுக்கிக்கொண்டு வந்தது. பெடல் 'டப்' என்று எழுந்தது.

கொட்டாரம் வரை வண்டியை நான்தான் ஓட்டினேன். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. அவள் கை கியர் கம்பை விட்டு எடுக்கவே இல்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

விஷயம் கேட்டு மைத்துனர் வந்தார். "கண்ணேறாக்கும் அத்தான். பூசணிக்காய் சுத்தி உடச்சா போதும்" என்றார். எப்போதும் போல இருந்திருந்தால் இரண்டு பூசணிக்காய் உடைத்திருப்பேன். ஆனால் கண்ணை மூடினால் கடித்த துண்டோடு வாயைத் திறந்து நிற்கிற அந்த இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். இந்த மேட் எனக்கு மட்டுமா போட்டார்கள்? அந்த ஷோரூமிலிருந்து வாரா வாரம் வண்டிகள் போகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஏதோ ஒரு வளைவு, ஏதோ ஒரு கடை, யாரோ இரண்டு பிள்ளைகள். என் வாழ்க்கையில் முதல்முறையாக வெப்ராளம் வராமல் ஒரு முடிவு வந்தது. இதை விடக் கூடாது.

ஒரு நாள் லீவு போட்டேன். மேட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். மேலாளர் மிகவும் நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே, "இது கம்பெனி மேட் இல்ல சார், பேக்கேஜ் மேட்" என்றார். கம்பெனியின் எண்ணுக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று என்னை ஊர் சுற்றிக் காட்டிவிட்டு, "அதை டீலரிடம் கேளுங்கள்" என்றார்கள். டீலரிடம் கேட்டால் "மேல எழுதியிருக்கோம் சார்." வண்டியைச் செய்வது ஒருவர், விற்பது ஒருவர், மேட்டை எங்கிருந்தோ வாங்கிப் போடுவது இன்னொருவர். கால் மட்டும் என்னுடையது.

கடைசியில் மேலாளர் ஒரு சென்ட் பாட்டிலை என் கையில் வைத்தார். நாரத்தை மணம். எனக்கு மிகவும் பிடித்த மணம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிக் கதவில் என் உருவம் தெரிந்தது. கக்கத்தில் மேட், பையில் சென்ட். திரும்பிப் போய் மேசையில் வைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் தர வேண்டாம் சார். சாவி குடுக்கதுக்கு முன்ன டிரைவர் காலடிய ஒருத்தர் குனிஞ்சு பாக்கணும். அவ்வளவுதான். நீங்க செய்யது வரைக்கும் நான் வருவேன்."

"எப்ப வேணாலும் வாங்க சார்" என்றார் அவர். அது உபசாரத்துக்குச் சொல்கிற வார்த்தை. நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, மேட்டை மறுபடி கக்கத்தில் இடுக்கி, மனைவியையும் கூட்டிக்கொண்டு, வண்டியையும் கொண்டுபோனேன். கண்ணாடி முன் நின்று ஒரு சொற்பொழிவு தயார் செய்திருந்தேன். அதில் மனித உயிரின் மதிப்பு பற்றி உருக்கமான ஒரு பகுதி இருந்தது. மேலாளர் என் தொல்லை தாங்காமல் சர்வீஸ் பிரிவிலிருந்து ஒரு பெண் சூப்பர்வைசரை வரவழைத்தார். கையில் கிரீஸ், காதில் பேனா. அவர் நேராக என் வண்டியின் கதவைத் திறந்து, மண்டி போட்டுக் குனிந்தார். நாங்கள் அந்த ஷோரூமுக்குள் கால் வைத்த நாள் முதல், டிரைவர் காலடியைக் குனிந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"சார், இது என்ன?" பிளாஸ்டிக் தாளை விரலால் அமுக்கிக் காட்டினார். அடியில் இரண்டு கறுப்புக் குமிழ்கள் முட்டிக்கொண்டு நின்றன. "மேட் நகராம இருக்கதுக்கு உள்ள கொக்கியாக்கும் இது. கம்பெனி மேட்டுல இதுக்குத் தக்க ரெண்டு ஓட்டை உண்டு. மாட்டிட்டா நீங்க ஏறிக் குதிச்சாலும் அசையாது. நீங்க பிளாஸ்டிக்க எடுக்கவே இல்ல. சரி, கம்பெனி மேட் எங்க?"

சொற்பொழிவு தொடங்கும் முன்பே முடிந்தது. நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"பீரோவுல. பட்டு வேட்டிக்கு அடியில" என்றாள் அவள், மனசாட்சியே இல்லாமல்.

விற்பனைக்காரர் சிரித்தார். காபி கொண்டுவந்தவர் சிரித்தார். மேலாளர் முகத்தில் அதுவரை இல்லாத வெளிச்சம். "அப்ப இது உங்க பக்கத்து மிஸ்டேக்குதானே சார்?"

ஆமாம் என்று தலையாட்டத்தான் போனேன். சூப்பர்வைசர் எழுந்து கையைத் துடைத்தார்.

"சார், பிளாஸ்டிக்க வச்சது அவரு. அதுக்கு மேல கொக்கி இல்லாத மேட்டப் போட்டது நம்ம ஆளாக்கும். போடக் கூடாதுன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரா இல்லையா, அது வேற. நாம சொல்லலல்லா?"

நியாயம் என்பது இப்படி ஒரு கத்திபோல இரண்டு பக்கமும் வெட்டும் என்று அன்றுதான் கண்டேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனைவியின் கையைத் தொட்டேன். அப்போது முன்கூடத்தில் கைதட்டல் கேட்டது. ராகுகாலம் கழிந்த சூட்டோடு ஒரு வண்டிக்குத் துணி விலக்கிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, அறுபதைத் தொட்ட ஒருவர். பக்கத்தில் அவர் மனைவியும், கைக்குழந்தையோடு மகளும். கேக் வெட்டியாகிவிட்டது. அட்டைச் சாவிக்கு அணிவகுத்து நின்றார்கள். என் கால் என்னைக் கேட்காமல் அந்த வண்டிப் பக்கம் போனது. எட்டிப் பார்த்தேன். நீல வெளிச்சம். அதில் பளபளவென்று பிளாஸ்டிக். அதன் மேல் என் கக்கத்தில் இருந்ததன் உடன்பிறப்பு.

மேலாளர் என் முழங்கையைப் பிடித்தார். "சார், அவங்க நல்ல நேரம் பாத்து எடுக்கிறாங்க. இப்ப வேண்டாம்."

நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. ஆனால் இந்தமுறை கையும் காலும் புத்தியும் ஒரே பக்கம் ஓடின. முழங்கையை விடுவித்துக்கொண்டு அந்தப் பெரியவர் முன் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். இந்த மேட்ட எடுத்துட்டு, பிளாஸ்டிக்கக் கிழிச்சிட்டு வண்டிய எடுங்கோ."

"நீங்க யாரு?"

"இங்க வண்டி வாங்கினவன்."

"நான் முப்பத்திரண்டு வருசம் கவர்மெண்டு பஸ் ஓட்டினவனாக்கும். ஒரு கோழியக்கூட இடிச்சது கிடையாது. எனக்கு மேட்டப் பத்தி வகுப்பு எடுக்கியளா? பிளாஸ்டிக்க எடுக்கப்பிடாதுன்னு சொன்னதே நான்தான்."

மனித உயிரின் மதிப்பு பற்றிய உருக்கமான பகுதி அங்கே எடுபடாது என்று தெரிந்துவிட்டது. என்னிடம் வேறு சரக்கு ஒன்றுதான் இருந்தது. என் மானம். அதை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தேன்.

வைப்பர் போட்டதைச் சொன்னேன். இரண்டு கையையும் ஆட்டிக் காட்டினேன். கூரை திறந்ததைச் சொன்னேன். "சார், சார்" என்று கத்தியதை அதே குரலில் கத்திக் காட்டினேன். பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் மேட் படுத்திருப்பதைச் சொன்னேன். கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியவரும் மீசை குலுங்கச் சிரித்தார். அவர் மகள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் தொழில் தெரிந்தவன், சிரிப்பை நன்றாக விளையவிட்டேன்.

பிறகு இரண்டு கையையும் விரித்து ஒரு முழம் அளந்து காட்டினேன்.

"அந்த ரெண்டு பிள்ளையளும் இவ்வளவு தூரத்துல நின்னாங்க அண்ணாச்சி. இதுல பாதி கூட என் சாமர்த்தியம் இல்ல. இவ நியூட்ரலுக்குத் தள்ளலன்னா..." வேடிக்கைக்காரனின் குரல் உடைந்தால் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

பெரியவர் என் கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தபடி நின்றார். பஸ் ஓட்டியவருக்கு அந்த அளவு புரியும். நேரே போய், வண்டிக் கதவைத் திறந்து, வெள்ளை வேட்டியோடு தரையில் மண்டி போட்டார். மேட்டை ஒரு விரலால் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய்ப் பெடலில் முட்டியது. இன்னொரு முறை தள்ளினார். மறுபடி முட்டியது.

"பஸ்ஸுல என் காலுக்கடியில ஒரு டிக்கெட்டுத் தாளு கிடந்தா கண்டக்டரக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "சொந்த வண்டின்ன ஒடனே புத்தி எங்க போச்சு பாத்தியளா."

மேட்டை உருவி வெளியே எறிந்தார். பிளாஸ்டிக்கின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. 'சர்ர்ர்' என்று ஷோரூம் முழுக்கக் கேட்டது.

"ஐயோ, கிழிச்சிட்டியளே!" என்றார் அவர் மனைவி.

"கிழியட்டு. பேரப்பிள்ள இருக்க வண்டியில்லா?"

டிக்கியிலிருந்து கம்பெனி மேட்டை எடுத்துவரச் சொன்னார். சூப்பர்வைசர் மாட்டினார். டக், டக். இரண்டே இரண்டு சத்தம். அவ்வளவு எளிய வேலை. பெரியவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு மேலாளரிடம் கையை நீட்டினார்.

"இப்ப சாவியத் தாரும். அந்த அட்டைச் சாவி இல்ல. நெசச் சாவி."

அன்றே மேலாளர், வண்டி கொடுக்கும்போது பார்க்க வேண்டியவை என்று இருந்த தாளில் தன் பேனாவாலேயே ஒரு வரி சேர்த்தார்: காலடி பிளாஸ்டிக் அகற்றி, மேட் கொக்கியில் மாட்டி, வாங்குபவருக்கு இழுத்துக் காட்டவும். என் முன்னாலேயே எழுதினார். எழுதியதைச் செய்கிறார்களா? அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை காபி குடிக்கிற சாக்கில் அங்கே போகிறேன். துணி விலக்கிய வண்டிகளை எட்டிப் பார்க்கிறேன். இரண்டு தடவை மறந்திருந்தார்கள், இரண்டு தடவையும் மாட்ட வைத்துவிட்டுத்தான் காபி குடித்தேன். என்னைக் கண்டதும் விற்பனைக்காரர்கள் கடகடவென்று குனிகிறார்கள். குமாஸ்தாவுக்கு இவ்வளவு மரியாதை வேறு எங்கே கிடைக்கும்?

வண்டி வாங்கப் போகிற யாரைக் கண்டாலும் நான் ஒன்றுதான் சொல்கிறேன். கூரை திறப்பதைக் காட்டுவார்கள், நன்றாகப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் நிறுத்துவது எப்படி என்று கேளுங்கள், இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்காருகிறவருக்கும் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். அன்று என் மனைவி வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இரவில் யோசிப்பதில்லை. பகலில் மட்டும் யோசிக்கிறேன்.

அந்தப் பேக்கேஜ் மேட் இப்போது எங்கள் வீட்டு வாசலில், கால் துடைக்கக் கிடக்கிறது. பட்டு வேட்டி பீரோவில் தனியாக இருக்கிறது. தினமும் காலையில் வண்டியில் ஏறுவதற்கு முன் நான் கதவைத் திறந்து, குனிந்து, பெடலுக்கு அடியில் கைவிட்டு மேட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். தெருவில் போகிறவர்கள் நான் வண்டியைத் தொட்டுக் கும்பிடுவதாக நினைக்கிறார்கள். திருத்துவதில்லை. அந்த ஒரு முழத்தை நினைத்துக் குனிகிறவன் கும்பிடத்தானே செய்கிறான்.